அக்கா மொண்டு கொடுத்த தண்ணீர்

1

இன்று காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் போன் தானாகவே ஒரு வீடியோவை எடுத்து நீட்டியது. ‘போன வருடம் இதே நாளில்’ என்று தலைப்பு, சுற்றிலும் பூப்போட்ட பார்டர் வேறு. நாம் மறக்க நினைப்பதையெல்லாம் தேதி தவறாமல் ஞாபகப்படுத்த இதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. இரண்டு மூன்று நிமிட வீடியோ. என் அக்கா மல்லிகா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் ஏரியில் முழங்கால் ஆழத்தில் நிற்கிறாள், கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அவளுக்குப் பின்னால் மலை. சட்டென்று போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அதில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் இதற்கு மேல் படிக்க மாட்டீர்கள்.

நான் ஜெர்மனியின் தெற்கே ஓர் ஏரிக்கரைச் சிறுநகரத்துக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. தண்ணீரைக் கண்காணிக்கிற அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. பெரிதாக ஒன்றுமில்லை: படகில் போய் ஏரித் தண்ணீரை மொண்டு வருவது, சோதனை செய்வது, அளவை எழுதி வைப்பது. ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர்வீட்டு அத்தை என் வேலையை விசாரித்துவிட்டு, “தண்ணி மொள்றதுக்கா எம்.எஸ்சி. படிச்சிட்டு அம்மாந்தூரம் போன? இங்க பைப்படியில நின்னா நாலு கொடம் மொண்டிருக்கலாமே” என்றாள். பந்தியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

2

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எல்கேயோடு படகில் போனேன். எல்கே என் மேலதிகாரி, நெட்டையான பொம்பளை, பேச்சு ரொம்பக் கம்மி. பாட்டிலை என்னிடம் கொடுத்து, எடு என்று சைகை காட்டினாள். என் ஜெர்மன் அப்போது அனா ஆவன்னா நிலைமை. ‘மன்னிக்கவும்’ சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘நன்றி’ சொல்லிக்கொண்டிருந்த காலம். பாட்டிலை வாங்கி நான் என்ன செய்தேன்? எங்கள் பக்கத்தில் ஏரியிலோ குளத்திலோ மொள்ளுகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான். முதலில் கையால் மூன்று தரம் மேல்தண்ணீரை விலக்கினேன். அப்புறம் கழுத்திலிருந்த துப்பட்டாவை இரண்டாக மடித்துப் பாட்டில் வாயில் போட்டு, அதன் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டேன். யோசித்துச் செய்ததில்லை. அடுத்தவர் கையில் கொடுக்கப்போகிற தண்ணீரை வடிகட்டாமல் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கை தானாகப் போய்விட்டது.

எல்கே பாட்டிலை வாங்கி அப்படியே ஏரியில் கவிழ்த்தாள். “நாம் தேடி வந்தது உன் துணியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, விஷயத்தைச் சொன்னாள். கழிவில் வருகிற சத்தைத் தின்றுதான் பாசி பெருகுகிறது. தண்ணீரில் கரைந்து நிற்பது கொஞ்சம், பாசிக்குள் போய் உட்கார்ந்திருப்பதுதான் ஜாஸ்தி. பாசியை வடிகட்டிவிட்டுத் தண்ணீரைச் சோதிப்பது, ஜுரக்காரனுக்கு ஈரத்துணி போட்டுச் சூட்டை இறக்கிவிட்டு அப்புறம் தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரி. இன்றைக்கும் ஆபீஸ் விருந்துகளில் எல்கே இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். கூடச் சேர்ந்து நானும் சிரிப்பேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே வரம்பு போடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏரியைப் பார்க்கிறார்கள். இது மொத்தமாக எவ்வளவு அழுக்கைத் தாங்கும்? அதைக் கண்டுபிடித்த பிறகுதான் சுற்றியிருக்கிற ஊர்களுக்கும் பண்ணைகளுக்கும் ஓட்டல்களுக்கும் அதைப் பங்கு போடுகிறார்கள். புதிதாக ஒருவர் வர வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற யாருடைய பங்கிலாவது குறைய வேண்டும். இதற்காக நடக்கும் கூட்டங்களில் மேசையைத் தட்டிக்கொண்டு கத்துவார்கள், வக்கீலைக் கூட்டிவருவார்கள், கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அடங்குவார்கள். இவர்கள் பிறவி உத்தமர்கள் ஒன்றுமில்லை. எல்கேயின் சின்ன வயதில் இந்த ஏரியும் நாறித்தான் கிடந்ததாம். நாறிய பிறகு புத்தி வந்தது, வந்த புத்தியைச் சட்டமாக எழுதிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள்.

நம் ஊரிலும் வரம்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் எங்கள் ஏரிக்கரையில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பார்த்து, இது கொஞ்சம்தானே, அது கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டார்கள். இதை அக்காவுக்குப் போனில் அரைமணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாடு எவ்ளோ இழுக்கும்னு பாக்காம, ஆளுக்கு ஒரு மூட்டதானேன்னு பத்து பேரும் வண்டில ஏத்துறாங்க. அதானடி?” என்றாள்.

அதேதான். அரைமணி நேரம் வீண்.

3

எங்கள் ஏரி கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிக்குக் கீழே அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, மூன்று கறவை மாடு. மாமா டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா மகளிர் குழு லீடர். பத்தாவதோடு நின்றவள், ஆனால் பேங்க் மேனேஜரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள்.

ரமணாசிரமம் பக்கம் ரூம் கட்ட இடம் நிரம்பிப்போனதும், தங்கும் விடுதிகள் செங்கம் ரோட்டை விட்டு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து எங்கள் ஏரிக்கரைக்கு வந்துவிட்டன. அமைதி தேடி வருகிறவர்களுக்கு ஏரி தெரிகிற பால்கனி. பால்கனிக்கு அடியில் குழாய், குழாய்க்கு அடியில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய். பௌர்ணமி முடிந்த மறுநாள் செப்டிக் டேங்க் லாரிகளும் ஒவ்வொன்றாக வந்து கரையில் திறந்துவிட்டுப் போகும். “ஜனங்க மலையைச் சுத்திட்டுப் புண்ணியத்தோட போய்ட்றாங்க, மத்ததெல்லாம் எங்களுக்கு விட்டுட்டுப் போறாங்க” என்பாள் அக்கா.

முதலில் மீன் செத்து மிதந்தது. அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை. ஒரு மாடு கன்று போட்டது, செத்த கன்று. அதற்கடுத்த மாதம் நடந்ததுதான் அக்காவைக் கிளப்பிவிட்டது. அவளிடம் வருடக்கணக்காகப் பால் வாங்கிய விடுதி ஒன்று, நாளையிலிருந்து வேண்டாம் என்றது. காரணம் கேட்டால், “உங்க மாடு அந்த ஏரித் தண்ணியக் குடிக்குதாமே, கெஸ்ட்டுங்க பயப்பட்றாங்க” என்றார்களாம். அக்கா அங்கேயே நின்று கத்தியிருக்கிறாள். “அடப்பாவிங்களா, அதுல கலக்கறதே உங்க கெஸ்ட்டு பேண்டதுதானடா!”

மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாள். ரசீது கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமையும் போனாள், அதற்கடுத்ததும் போனாள். பால் கறந்து ஊற்றிவிட்டு, குளித்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவாள். அந்த மனு எண்ணை நான் இங்கேயிருந்து தினமும் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்ப்பேன். ‘பரிசீலனையில் உள்ளது.’ மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கடைசியில் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்கள் என்று பதில் வந்தது. அன்றைக்கு அக்கா தெருவுக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தாளாம்.

4

என் மகள் மித்ராவுக்குப் பதிமூன்று வயது. பள்ளியில் ‘எங்கள் ஏரி’ என்று ஒரு செயல்திட்டம் செய்யச் சொன்னார்கள். சார்ட் முழுக்க இந்த ஊர் ஏரி. படகு, வாத்து, நீந்துகிற பிள்ளைகள், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கலர் கலராக வட்டம். பாராட்டு வாங்கி வந்தாள். நான் சந்தோஷப்பட்டேன், பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளைக் குறை சொல்லி என்ன? அவள் வேறு எந்த ஏரியை எங்கள் ஏரி என்பாள்?

அவளை மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குக் கூட்டிப்போயிருந்தேன். நீச்சல் உடையைப் பெட்டியின் மேலாக எடுத்து வைத்திருந்தாள். ஏரிக்கரைக்குப் போனதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, இங்க ‘போதும்’ சொல்ற ஆள் யாரு?” என்று கேட்டாள். அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும், துண்டு துண்டாக. பெரியம்மாதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றேன். “பெரியம்மா போலீஸா?” என்றாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவில்லை, லீவு வந்தால் ஏதாவது முகாம் இருக்கிறது என்கிறாள்.

5

ஆள் வருகிற தேதி தெரிந்ததும் அக்கா போன் செய்தாள். “சுதா, நீதான் இதுல பெரிய ஆளு. இன்னா இன்னா பண்ணணும்னு சொல்லு. ஒரு தப்பும் நடக்காம நான் பாத்துக்கிறேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படிப்பு முதல்முறையாக என் ஊருக்கு உதவப்போகிறது! அக்கா மகள் கார்த்திகா காலேஜ் படிக்கிறாள், அவளை நோட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பாட்டில் வாய்க்குள் விரல் படக்கூடாது. மூடியைத் தரையில் வைக்கக்கூடாது. கரையோரம் வேண்டாம், உள்ளே போய் எடுக்கணும். பாட்டிலில் இடமும் நேரமும் எழுதியாகணும். எடுத்ததும் ஐஸ் பெட்டி. நடப்பதையெல்லாம் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பணும், நான் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அந்த ஆளை அனுப்பணும். கார்த்திகா எல்லாவற்றையும் எழுதி எனக்கே திருப்பிப் படித்துக் காட்டினாள். எதையும் விடவில்லை என்று நினைத்தேன்.

வந்தவர் ரிட்டயராகப் போகிற வயசுக்காரர். முட்டிவலி. சேற்றைப் பார்த்ததும் கரையிலேயே நின்றுவிட்டாராம். “எறங்குனா என்னை நாலு பேரு தூக்கணும்மா” என்றிருக்கிறார். “குடுங்க சார், நான் மொண்டு தரேன்” என்று அக்கா பாட்டிலை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வீடியோ வந்தபோது நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிட்டேன். சாயந்திரம் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயந்திரம் மித்ராவுக்குப் பல் டாக்டர்.

மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்தது. எல்லாம் வரம்புக்குள். கம்ப்யூட்டரில் ‘மனு முடித்து வைக்கப்பட்டது’ என்று மாறியிருந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அந்த ஆள் காசு வாங்கிக்கொண்டு பாட்டிலை மாற்றிவிட்டான் என்று அடித்துச் சொன்னேன். அக்கா தயங்கினாள். “மாத்தற ஆளு மாதிரி தெர்லடி. மோர் குடுத்தாகூட வேணாம்னுட்டாரு.” நான் விட்டேனா? “உனக்கு ஊர் உலகம் தெரியாதுக்கா, நீ சும்மா இரு” என்றேன். அவர் பெயரைப் போட்டு மேலிடத்துக்கு நீளமாக ஒரு புகார் எழுதினேன். என் பதவி, என் அனுபவம் எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம் என்பதாலோ என்னவோ அதற்கு மட்டும் உடனே வேலை நடந்தது. சர்வீஸின் கடைசி வருடத்தில் அந்த மனிதரை எங்கேயோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

6

அதற்குப் பிறகுதான், அவருக்கு எதிராகச் சாட்சி தேடுகிறேன் பேர்வழி என்று, அந்த வீடியோவைத் திறந்தேன்.

அக்கா செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு இறங்குகிறாள். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். உள்ளே போகிறாள். சுற்றிலும் பச்சைக் கூழாக மிதக்கிறது. மூடியைக் கீழே வைக்காமல் இடது கை விரலிடுக்கில் வைத்திருக்கிறாள், நான் சொன்னபடியே. பாட்டில் வாயை விரல் தொடவில்லை, நான் சொன்னபடியே. கையால் மூன்று தரம் பாசியை விலக்குகிறாள். பிறகு, சலவைக்குப் போட்டு வந்த புடவை முந்தானையை இரண்டாக மடித்துப் பாட்டில் வாயில் கட்டி, அதன் வழியாக நிதானமாக நிரப்புகிறாள். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்க்கிறாள். கண்ணாடி மாதிரி இருக்கிறது. கரையிலிருந்து அந்த மனிதரும் நல்லா இருக்கும்மா என்று கையைத் தூக்குகிறார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே, அவர் வீட்டிலும் அப்படித்தான் மொள்ளுவார்கள். அக்கா முந்தானையை ஏரியிலேயே அலசிப் பிழிந்துவிட்டுக் கரையேறுகிறாள். வழிகிறது பச்சைச் சாறு. எங்கள் ரிசல்ட் அங்கே போனது.

எல்லாம் சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாகச் சிரித்த கதை. அன்றைக்கு மேசைக்கு அடியில் ஒரு நிமிடம் அந்த வீடியோவைப் பார்த்திருந்தால்கூட, அந்த மனிதர் கரையில் நிற்கும்போதே இன்னொரு பாட்டில் எடுத்திருக்கலாம். நான் கட்டைவிரலைத் தூக்கினேன், அவர்கள் அவரை அனுப்பிவிட்டார்கள்.

அவர் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன், பதிலில்லை. மறுபடி சோதனை செய்யுங்கள் என்று எழுதினேன், இதே பொருளில் ஏற்கெனவே ஆய்வு நடந்து மனு முடிக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. அக்காவிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது, என் தாயே?

இந்த ஒரு வருடத்தில் அந்த ரிசல்ட் நன்றாக உழைத்திருக்கிறது. ஒரு விடுதிக்காரர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறார். புதிதாக இரண்டு விடுதிகளுக்கு அனுமதி கேட்டவர்கள், ஏரி வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அதன் ஜெராக்ஸை இணைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் கிடைத்துவிட்டது. அக்கா ஒரு மாட்டை விற்றாள். குழுப் பெண்கள் இப்போது கையெழுத்துப் போட வருவதில்லையாம். “கவர்மெண்ட்டே நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துட்டாங்களே மல்லி” என்கிறார்களாம்.

7

இன்று காலை படகில் இருந்தபோது அக்கா வீடியோ காலில் வந்தாள். எல்கே படகை ஓட்டிக்கொண்டிருந்தாள். நாணல் ஓரமாக லேசாகப் பச்சை கட்டியிருந்தது, அங்கேதான் மாதிரி எடுக்க வேண்டும்.

“வேலையில இருக்கியா? அப்புறமா பேசறேன்” என்றாள். பிறகு அவளே, “இரு இரு, நீ தண்ணி மொள்றத நான் பாத்ததே இல்ல. காட்டு பாப்போம்” என்றாள்.

போனைப் பெஞ்சில் சாய்த்து வைத்தேன். பாட்டிலைத் திறந்தேன், அமுக்கினேன், நிரம்பியது, எடுத்து மூடினேன். பாட்டிலுக்குள் பச்சைத் துணுக்குகள் சுற்றின. பத்து நொடி வேலை. வேறு மாதிரி செய்து காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கை தானாகப் போய்விட்டது.

“வடிகட்டலியா?” என்றாள் அக்கா.

“வடிகட்டக் கூடாதுக்கா.”

“ஏன்?”

“அந்தப் பாசியிலதான் எல்லாம் இருக்குது. வடிகட்டுனா ஒண்ணும் தெரியாது.”

அக்காவின் முகம் அப்படியே இருந்தது, பின்னால் மாட்டுக் கொட்டகைத் தகரம். “அப்ப நான்…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள்.

“அந்த சாரு பாட்டில மாத்தலியா?”

“இல்லக்கா.”

“உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“அப்பவேக்கா. ரிசல்ட் வந்த கொஞ்ச நாள்லயே.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைச் சின்ன வயதில் விளக்குமாற்றால் அடித்திருக்கிறாள், அந்த அடி இப்போது விழுந்தால் தேவலை என்றிருந்தது. “சரி, மாடு கத்துது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மாடு கத்தவில்லை. எல்கே ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். நன்றி என்றேன். பதினெட்டு வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் அந்தச் சொல்தான் வந்தது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு போட்டோ வந்தது. கார்த்திகாவின் காலேஜ் தண்ணீர் பாட்டில், கழுத்து வரைக்கும் பச்சை, மேலே நுரை, ஓரத்தில் ஒரு குட்டி மீன், வயிற்றைக் காட்டிக்கொண்டு. பாட்டிலில் பேப்பர் ஒட்டி இடமும் நேரமும் அக்காவின் கையெழுத்தில். ஐஸுக்குப் பதிலாக அரிசிக் குண்டானில் பானைத் தண்ணீர் ஊற்றி, அதில் வைத்திருந்தாள். கீழே அவள் குரலில் ஒரு செய்தி.

“வடிகட்டல சுதா. மூடி கீழ வைக்கல. கரையோரமா எடுக்கல. இத யாராண்ட குடுக்கறதுன்னு சொல்லு.”

மூன்று தரம் கேட்டேன். அங்கே அவள் போனில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கும். இந்தத் தடவை நான் பார்த்துவிட்டேன் என்று அக்காவுக்குத் தெரியும்.